நாலு விரல், ஆறு விரல்

1. பஸ் ஓடாத வாரம்

சாலை மறியலின் மூன்றாம் நாள் காலை பத்து இருபதுக்கு, சடையனும் அவர் மனைவி காளியம்மாவும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். முந்தின நாள் விடியலில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, கச்சிராயபாளையத்தில் ஓர் உறவினர் வீட்டில் படுத்து, அங்கிருந்து கள்ளக்குறிச்சிவரை நடந்தே வந்திருந்தார்கள். நேரம் நினைவில் இருக்கிறது என்று சொன்னால் அது பொய். அன்றாடம் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. நோட்டில் இருக்கிறது.

ஊருக்கு வெளியே இருந்த ஒரு சிறிய டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் நான் அப்போது லேப் டெக்னீஷியன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ரத்தம், சளி, சிறுநீர் எல்லாம் ஒரே ஆள் பார்க்க வேண்டும். ஊசியைக் கொதிக்க வைப்பதும், பயன்படுத்திய ரப்பர் கையுறைகளைக் கழுவிக் காயவைத்துப் பவுடர் போடுவதும் என் வேலைதான். நோயாளிகளுக்கு நான் ‘லேப் சிஸ்டர்’.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். நைனார்பாளையத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் போக வழியில்லாமல் நான் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டேன். சென்னைக்குப் போயிருந்த பெரிய டாக்டர் திரும்பும் வழியில் உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டார். மின்கம்பியும் எங்கோ அறுந்து கிடந்ததால் கரண்ட் இல்லை. மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி, வெயிலை வைத்துத்தான் ஸ்லைடு பார்த்தேன். மேகம் வந்தால் நிறுத்த வேண்டும். போனால் தொடர வேண்டும். அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் கழுத்து வலிக்கிறது.

சடையனுக்கு சி.எம்.எல். அது மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய். வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கல் மாதிரி இறங்கும். மலையில் அதைக் ‘கட்டி’ என்றுதான் சொல்வார்கள். எங்களிடம் வருவதற்கு முன்பே யாரோ அந்தக் கட்டிக்கு மேல் சூடு போட்டிருந்தார்கள். இடது விலாவுக்கு அடியில் வட்டமாக, கறுத்து, பளபளப்பாக ஒரு தழும்பு.

மாத்திரையால் நோயை அடக்கி வைக்கலாம், போக்க முடியாது. சிலருக்கு ஐந்து வருடம் அடங்கிக் கிடக்கும். சிலருக்கு ஆறு மாதத்தில் சீறிவிடும். யாருக்கு எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல அன்று எங்களிடம் இருந்தவை நான்கு விஷயங்கள்தான்: வயது, மண்ணீரல் விலாவுக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, தட்டணுக்களின் எண்ணிக்கை, ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பிளாஸ்ட். பிளாஸ்ட் என்றால் முதிராத வெள்ளணு. அது கூடினால் நோய் சீறுகிறது என்று பொருள்.

இந்த நான்கையும் சேர்த்துக் கணக்குப் போடும் முறையை எங்களுக்குக் கொண்டுவந்தவர் புது டாக்டரம்மா. படிப்பு முடித்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒல்லியான பெண். சின்னக் கால்குலேட்டர் ஒன்று வைத்திருந்தார். குறைவு, நடுத்தரம், அதிகம் என்று ஆபத்தை மூன்றாகப் பிரிப்பார். எனக்கு அந்த முறை மிகவும் பிடித்திருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. கட்டங்களை நிரப்புவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

2. ‘இன்னா போடட்டும்?’

டாக்டரம்மா சடையனைப் படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

“ஆறு விரல்,” என்றார்.

நான் அட்டையைப் பார்த்தேன். போன மாதம் பெரிய டாக்டர் பார்த்தபோது நாலு விரல். அட்டையின் தலைப்பில், என் கையெழுத்தில், சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது: ‘1 விரல் = 2 செ.மீ.’ கட்டத்தில் 12 என்று எழுதினேன். போன மாதக் கட்டத்தில், டாக்டரம்மா வந்த பிறகு நான் மாற்றி எழுதிய 8 இருந்தது.

பிறகு ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து ஸ்மியர் போட்டு, சாயம் போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து நூறு அணுக்களை எண்ணினேன். பிளாஸ்ட் ஐந்து. போன மாதம் இரண்டு.

டாக்டரம்மா கால்குலேட்டரைத் தட்டினார். மறுபடி தட்டினார். “போன மாசம் நடுத்தரம். இப்ப அதிகத்துக்குப் போயிட்டுதே,” என்று மெதுவாகச் சொன்னார். சடையனிடம், “மாத்திரைய விடாம சாப்பிடுங்க. பாக்கலாம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார். டாக்டர்கள் ‘பாக்கலாம்’ என்று சொன்னால் நோயாளிகள் லேபுக்கு வருவார்கள். அங்கே ரத்தத்தைக் கண்ணால் பார்த்த ஆள் இருக்கிறாள் அல்லவா?

சடையன் லேப் வாசலில் நின்றார். நாற்பத்து மூன்று வயது. துண்டை எடுத்துக் கையில் பிடித்திருந்தார். காளியம்மா அவருக்குப் பின்னால் நின்றார்.

“சிஸ்டரு, ஒண்ணு கேக்கணும். கோவிச்சிக்காதீங்க. நெலத்துக்கு இன்னா போடட்டும்?”

“என்னைக் கேட்டா எனக்கு இன்னாங்க தெரியும்?”

“உங்களத்தான் கேக்கணும். மரவள்ளின்னா பத்து மாசம். சாமைன்னா மூணு மாசம். மரவள்ளிக் குச்சிய வெட்டி நெழல்ல அடுக்கி வச்சிருக்கறேன். மழை வந்தா நடணும். நட்டுட்டு நான் பூட்டன்னா, இவ ஒண்டியா அத்த புடுங்க முடியாது. எங்க மலைமண்ணு கல்லு மாதிரி. ஆம்பளையே ரெண்டு பேரு சேந்து ஆட்டிப் புடுங்கணும். சாமைன்னா இவளே அறுத்துக்குவா.”

“வாய வச்சிகினு சும்மா இருக்கறதில்ல,” என்றார் காளியம்மா. “கூட்டிகினு வந்தது ரத்தம் குடுக்க. இது நெலத்தப் பத்தி பேசிகினு நிக்குது.”

“நீ சும்மா இரு. சிஸ்டரு, எனக்கு நாளெல்லாம் சொல்ல வேணாம். மரவள்ளியா, சாமையா, அத்த மட்டும் சொல்லுங்க.”

இதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எத்தனை நாள் என்று கேட்டிருந்தால் டாக்டரைக் காட்டிவிட்டிருப்பேன். இது பயிர்க் கேள்வி என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அட்டையைப் பார்த்தேன். 8 பன்னிரண்டாகியிருந்தது, 2 ஐந்தாகியிருந்தது. என் கையெழுத்து மிகத் தெளிவாக இருந்தது.

“சாமையே போடுங்க,” என்றேன்.

சடையன் தலையசைத்தார். மழை வருமா என்று கேட்டு வராது என்று பதில் வந்ததுபோல அவ்வளவு சாதாரணமாக. காளியம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இருவரும் வெயிலில் இறங்கி நடந்தார்கள். மணி இரண்டு ஐந்து.

3. கொடியில் காய்ந்த கையுறைகள்

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கொடியிலிருந்து கையுறைகளை எடுக்கப் போனேன். பெரிய டாக்டருடையது எட்டாம் நம்பர். டாக்டரம்மாவுடையது ஆறரை. மறியலுக்கு முன்பு கழுவிய அவருடைய ஜோடியும் முந்தின நாள் கழுவிய இவருடைய ஜோடியும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. பெரிய டாக்டர் விவசாயக் குடும்பத்துக்காரர். அவர் கை முறம் மாதிரி. டாக்டரம்மாவின் கையுறை அதன் பக்கத்தில் குழந்தையுடையதுபோல இருந்தது.

கிளிப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று நோட்டில் இல்லை.

உள்ளே போய் ஸ்கேல் எடுத்து வந்து, கையுறைகளைத் தட்டையாக வைத்து அளந்தேன். பெரிய டாக்டரின் நாலு விரல் எட்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டாக்டரம்மாவின் ஆறு விரலும் எட்டரைக்குக் கொஞ்சம் குறைவு.

மண்ணீரல் வளரவே இல்லை. விரல்தான் மாறியிருந்தது.

பிளாஸ்ட் எண்ணிக்கை? போன மாத ஸ்லைடையும் பெட்டியில் வைத்திருந்தேன். எதையும் தூக்கிப் போடாத குணம் அந்த ஒரு நாள் உதவியது. முந்தின நாள் ஸ்லைடையே மறுபடி நூறு எண்ணினேன். ஒன்று. வேறு இடத்தில் நூறு எண்ணினேன். நான்கு. இன்னொரு நூறு. இரண்டு. ஒரே ஆள், ஒரே துளி ரத்தம். நூறு மட்டும் எண்ணினால், எந்த நூறு கண்ணில் படுகிறது என்பதுதான் விடை. இரண்டு ஸ்லைடிலும் ஐந்நூறு ஐந்நூறாக எண்ணினேன். போன மாதம் பன்னிரண்டு, இந்த மாதம் பதின்மூன்று. வித்தியாசமே இல்லை. எண்ணி முடிக்கும்போது மணி பதினொன்று. கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதில் எவ்வளவு மைக்ராஸ்கோப்பால் என்று எனக்குத் தெரியாது.

டாக்டரம்மாவிடம் கையுறைகளையும் ஸ்கேலையும் கொண்டுபோய் வைத்தேன். அவர் தன் விரல்களை விரித்துப் பார்த்தார்.

“நடுத்தரமாத்தான் இருக்காரு. அவர்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல, நல்லவேளை,” என்றார்.

“நான் சொல்லிட்டேன்மா.”

“என்ன சொன்னீங்க?”

“சாமை போடச் சொல்லிட்டேன்.”

அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கால்குலேட்டரை எடுத்து மேசை டிராயரில் வைத்து மூடினார்.

4. ‘வை’ என்ற சொல்

கம்பவுண்டர் எத்திராஜு அண்ணனிடம் போனேன். ஐம்பது வயது, எப்போதும் வெற்றிலை, எப்போதும் கிண்டல். சடையனும் காளியம்மாவும் இரவு கச்சிராயபாளையத்தில்தான் தங்கியிருப்பார்கள், போய்ச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

“பஸ்ஸு, லாரி, காரு ஒண்ணும் இல்ல. இன்னிக்கு ரோட்டுக்கே நான்தான் ராஜா,” என்று சைக்கிளை எடுத்தார். பதினொன்று நாற்பது.

வழியில் நடந்ததை அவர் வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியும். மூன்று இடத்தில் மரம் கிடந்தது. இரண்டாவது இடத்தில் இருந்தவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள்.

“எங்கய்யா போற?”

“ஆஸ்பத்திரிக்காரன். மலைக்காரன் ஒருத்தனுக்கு சேதி சொல்லணும்.”

“நாங்க கேக்கறது எங்க புள்ளைங்க படிக்க சீட்டு. நாளைக்கி எங்க புள்ள டாக்டராயிட்டா நீ இப்டி சைக்கிள் மெரிக்க வேணாம்.”

“ஆவட்டும். அதுவரைக்கும் இத்த கொஞ்சம் தூக்கி அந்தாண்ட வைங்க.”

சிரித்துக்கொண்டே நாலு பேர் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்களாம்.

அண்ணன் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. விடியற்காலையிலேயே அவர்கள் மலையேறிவிட்டிருந்தார்கள். மலையடிவார டீக்கடையில், மண்ணெண்ணெய் வாங்க இறங்கியிருந்த இரண்டு பெண்கள் அதே ஊர்ப்பக்கம் போகிறவர்கள். அவர்களிடம் சொல்லி அனுப்பினார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“நீ சொன்னத்தான் சொன்னேன். சாமை வேணாம், மரவள்ளி வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரில சொன்னாங்கன்னு சொல்லுங்கன்னேன்.”

எனக்குச் சரியாகத்தான் பட்டது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு மாதம் கழித்து, பஸ்ஸெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு, அவர்கள் வந்தார்கள். சடையன் முகத்தில் சலிப்பு.

“இன்னும் எத்தினி நாளைக்கு இந்த பத்தியம் சிஸ்டரு? வாயெல்லாம் மாவா இருக்குது.”

“என்ன பத்தியம்?”

காளியம்மா சொன்னார்: “சாமை வேணாம், மரவள்ளி வைக்கச் சொன்னீங்கன்னு சேதி வந்துதுங்களே. அன்னிக்கே சாமைச் சோத்த நிறுத்திட்டேன். மூணு வேளையும் மரவள்ளிதான் வேக வச்சிக் குடுத்துகினு இருக்கறேன். பச்ச மொளகா வச்சி, பூண்டு வச்சி, இன்னா வச்சாலும் மூஞ்ச திருப்பிக்குது.”

குச்சியையும் வைக்கலாம், குழம்பையும் வைக்கலாம். நாங்கள் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.

“நெலத்துல?” என்று கேட்டேன்.

“நீங்க சொன்ன மாதிரி சாமைதான். மொழங்கால் ஒசரம் வந்துடுச்சி. குச்சிய மச்சானுக்குக் குடுத்துட்டேன்.”

எத்திராஜு அண்ணன் வெற்றிலையைத் துப்பப் போனவர் வெகு நேரம் திரும்பி வரவில்லை.

5. தழும்பு

அன்று பெரிய டாக்டரும் இருந்தார். நடந்ததையெல்லாம் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் என்னைத் திட்டினார், போதுமான அளவுக்கு. பிறகு இரண்டு டாக்டர்களும் சடையனை ஒன்றாகப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் நாலு விரல் என்றார். டாக்டரம்மா ஆறு விரல் என்றார். இருவரும் மண்ணீரல் முடியும் இடத்தைத் தொட்டுக் காட்டினார்கள். ஒரே இடம். இங்க் பென்சிலால் அங்கே கோடு போட்டேன். கோடு, சூட்டுத் தழும்பின் கீழ் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“இதவிட நல்ல ஸ்கேல் நமக்குக் கிடைக்காது,” என்றார் பெரிய டாக்டர். “எவனோ சுட்டதுக்கு இதாவது உபயோகம்.”

அன்றிலிருந்து அட்டையில் ‘தழும்பு விளிம்பிலிருந்து இத்தனை செ.மீ.’ என்று எழுதினோம். சிவப்பு மைக் குறிப்பை ஒரே கோட்டில் அடித்தேன். அடித்தது தெரியும்படி.

பிறகு சடையனிடம் நானே சொன்னேன். கட்டி வளரவில்லை, என் கணக்குத் தப்பு, நீங்கள் மரவள்ளி போட்டிருக்கலாம் என்று.

அவர் கொஞ்ச நேரம் துண்டை மடித்தார். “போனா போவுது. சாமை நல்லாத்தான் வந்துகினு இருக்குது. ஆனா சிஸ்டரு, நான் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு வந்துட்டேனே. சண்ட போட்டவங்கிட்டல்லாம் போயி பேசிட்டேன். இப்ப மச்சான் எதிர்ல பாத்தா, இன்னா மாமா, இன்னும் கெளம்பலியா, குச்சிய திருப்பிக் கேக்க வந்துட்டியான்றான்.”

எத்திராஜு அண்ணன் சிரித்தார். சடையனும் சிரித்தார்.

காளியம்மா சிரிக்கவில்லை. “ஒரு மாசமா இது தூங்கினப்புறம் மூக்குல கைய வச்சிப் பாத்துகினு கெடந்தேன்,” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

6. பாதிப் பாதி

அடுத்த வருடம் அதே மாதம் சடையன் அதே இடத்தில் நின்று அதையே கேட்டார். கட்டி தழும்பு விளிம்பிலேயே இருந்தது. ஐந்நூற்றுக்குப் பதினைந்து. டாக்டரம்மா கணக்குப் போட்டு நடுத்தரம் என்றார். “நூறு பேரு உங்கள மாதிரி இருந்தா எத்தன பேரு எவ்ளோ நாள் இருப்பாங்கன்னு ஒருமாதிரி சொல்லலாம். நீங்க அந்த நூறுல யாருன்னு எனக்குத் தெரியாது,” என்று சடையனிடமே சொன்னார். ‘பாக்கலாம்’ என்ற சொல்லை அவர் விட்டுவிட்டிருந்தார்.

“அப்ப பாதி மரவள்ளி, பாதி சாமை போட்டுடறேன்,” என்றார் சடையன்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சொன்னதைவிடச் சரியாக அவர் சொல்லிவிட்டதாக அன்று எழுதியிருக்கிறேன். அப்போது நட்ட மரவள்ளியைப் பத்து மாதம் கழித்து அவரே நின்று பிடுங்கினார். மறு வருடமும் பாதிப் பாதிதான்.

மூன்றாவது வருடம். மறுபடி இட ஒதுக்கீடு பற்றிப் பத்திரிகையெல்லாம் பேசிக்கொண்டிருந்த நாட்கள். பஸ் ஓடியது. சடையன் பஸ்ஸில்தான் வந்தார், ஆனால் படியிறங்கும்போது காளியம்மாவின் தோளைப் பிடித்திருந்தார். கட்டி தழும்பைத் தாண்டி ஐந்து சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. ஸ்லைடில் ஐந்நூறு எண்ணினேன். நம்பாமல் இன்னொரு ஐந்நூறு எண்ணினேன். வேறு ஸ்லைடு போட்டு மறுபடி எண்ணினேன். கரண்ட் இருந்தது, பல்பு நன்றாக எரிந்தது. குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. ஐந்நூற்றுக்கு நூற்றுக்கு மேல் பிளாஸ்ட்.

டாக்டரம்மா அவரை உட்கார வைத்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். பிறகு சடையன் லேப் வாசலுக்கு வந்தார்.

“சிஸ்டரு?”

“சாமைங்க,” என்றேன்.

“முழுசுமா?”

“முழுசும்.”

“இந்த வாட்டி யாரு விரலு?” என்று கேட்டுச் சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. “தழும்புலருந்து ஸ்கேல் வச்சி அளந்தோம்,” என்றேன்.

“செரி,” என்றார்.

மார்கழியில் காளியம்மா தனியாக வந்தார். அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வந்தாராம். வீட்டில் வைத்திருக்க மனம் வரவில்லை, கிழிக்கவும் மனம் வரவில்லை. சடையன் கார்த்திகைக் கடைசியில் இறந்துவிட்டார். சாமை அதற்கு எட்டு நாள் கழித்து அறுப்புக்கு வந்தது. காளியம்மாவே தனியாக அறுத்துவிட்டார்.

அட்டையை வாங்கிக்கொண்டேன். இந்த முறை சரியாகப் பார்த்தோம் என்ற மாதிரி ஏதோ சொன்னேன். எவ்வளவு மட்டமான பேச்சு என்று சொல்லி முடித்ததும் தெரிந்தது.

“ஆமா சிஸ்டரு,” என்றார் காளியம்மா. “மொத வாட்டி தப்பா சொன்னீங்க, இந்த வாட்டி செரியா சொன்னீங்க. இதுவும் தப்பாப் போயிருக்கக் கூடாதா?”

அவர் பஸ்ஸுக்குப் போனார். பன்னிரண்டு ஐம்பது.

இப்போது லேபுகளில் மிஷினே பல ஆயிரம் அணுக்களை எண்ணிவிடுகிறது, மண்ணீரலை ஸ்கேனில் அளக்கிறார்கள், மாத்திரையும் வேறு. இந்த நோயோடு பல வருடம் வேலைக்குப் போய் வருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் என்னிடம் வேலை பழக வருகிறவர்களிடம் மூன்று விஷயம் சொல்கிறேன். விரல் என்று எழுதினால் யார் விரல் என்று எழுது. நூறோடு நிறுத்தாதே, ஐந்நூறு எண்ணு. மூன்றாவது, எண்ணி முடித்து எழுதிய பிறகு, அது தப்பாக இருக்கட்டும் என்று உனக்கே ஒரு நாள் தோன்றும். அன்று இன்னொரு முறை எண்ணிப் பார். அப்போதும் அதேதான் வந்தால், அதையே எழுது.